சந்தனத்துக்கு அடியில் இருந்த ஆறு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. கையில் இருக்கிற போனைக் கீழே வைக்கச் சொல்ல மாட்டேன், அது அங்கேயே இருக்கட்டும். இன்றைக்குச் சொல்லப்போகிற கதையே அந்த மாதிரி ஒரு கண்ணாடித் திரைக்குள் ஓடிய ஆற்றின் கதைதான். தொட்டால் ஈரம் ஒட்டாத ஆறு. ஆனாலும் அது காணாமல் போகப் பார்த்த இரண்டு நாளில், அதைத் தூக்கிப் பிடிக்க நானூறு பேர் வந்தார்கள். எப்படி வந்தார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்று சொல்கிறேன். காதைக் கொடுங்கள், போதும்.

மலேசியாவில், கெடா மாநிலத்துச் செர்டாங்கில் யோகேஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள். வயது நாற்பத்து மூன்று. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. வீட்டுக்காரன் புவனேசன் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான். அவர்கள் வீட்டுச் சமையற்கட்டுக்குப் பக்கத்தில், அரிசி மூட்டை வைக்கிற சிறிய அறையில், ஒரு பழைய கணினிப் பெட்டி இருந்தது. கறுப்பு நிறம், முழங்கால் உயரம். அந்தப் பெட்டிக்குள்தான் ஒரு நாடே இருந்தது. அதன் பெயர் அக்கரைச்சீமை.

அக்கரைச்சீமை ஓர் இணைய விளையாட்டு. கெடாவில் கூலிம் பக்கம் நாலு பையன்கள் சேர்ந்து, ஒரு கடையின் மாடி அறையில் உட்கார்ந்து, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் தமிழிலேயே செய்தது. மலை, காடு, சந்தை, கோயில், கடல், இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் ஆறு. எங்கெங்கோ இருப்பவர்கள் அவரவர் வீட்டிலிருந்து உள்ளே நுழைவார்கள். வீடு கட்டுவார்கள், தோட்டம் போடுவார்கள், படகு விடுவார்கள், மீன் பிடிப்பார்கள், சண்டை போட்டுச் சமாதானமாவார்கள். செய்த பையன்களில் மூன்று பேர் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் காளிதாசன். அவனுக்கும் கல்யாணமாகி, ஜொகூருக்குப் போய் டயர் கடை வைத்த பிறகு, பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்போது, "நான் எடுத்துக்கிறேண்ணே" என்று சொன்னவள் அந்த விளையாட்டில் கத்தரிக்காய் பயிரிட்டுக்கொண்டிருந்த இந்த யோகேஸ்வரி.

அந்தப் பெட்டியை அணைக்கக் கூடாது. அது முதல் நாளிலிருந்தே சட்டம்; கரண்டு போனாலும் ஓடும்படி பக்கத்திலேயே ஒரு பேட்டரி உண்டு. பெட்டியின் நெற்றியில் ஒரு வெள்ளை ஒட்டுநாடா ஒட்டி, "அணைக்கக் கூடாது" என்று காளிதாசன் கறுப்பு மையால் எழுதியிருந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கோயிலில் அணையா விளக்கு இருக்கிறது, ஏன் என்று கேட்கிறோமா? அந்த மாதிரி நினைத்துக்கொண்டார்கள். கூலிமிலிருந்து செர்டாங்குக்கு அதைக் கொண்டுவந்த அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! புவனேசனின் லோரியில், வண்டி பேட்டரியோடு ஒயர் இழுத்து, பெட்டி உறுமிக்கொண்டிருக்க, யோகேஸ்வரி அதைக் கலசம் மாதிரி மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி என்ன இது என்று கேட்டார். "உள்ளே ஆளுங்க இருக்காங்க சார்" என்று புவனேசன் சொல்லிவிட, லோரி முழுக்கச் சோதனை போட்டுவிட்டுத்தான் அனுப்பினார்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு யோகேஸ்வரி தன் திருப்புளி, குறடு, மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து வைத்து, சந்தனம் குங்குமம் இடுவாள். பெட்டிக்கும் உண்டு. அது ஓடிக்கொண்டே இருக்கும், இவள் அதன் நெற்றியில், அந்த ஒட்டுநாடாவின் மேலேயே, பெரிய பொட்டாக வைப்பாள். அவளுக்கு முன்னால் காளிதாசனும் அப்படித்தான் வைத்தான். பழைய பொட்டை யாரும் துடைப்பதில்லை. சாமி காரியமாயிற்றே, எப்படித் துடைப்பது? பொட்டின் மேல் பொட்டாகப் பதினெட்டு வருடச் சந்தனம் காய்ந்து, தேங்காய் ஓடு மாதிரிக் கெட்டியாகிவிட்டது. "அணைக்கக் கூடாது" என்பது மட்டும் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வருடமாகவே யோகேஸ்வரி புதுப் பெட்டி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தாள். பழைய விளையாட்டு இப்போதைய கணினிகளில் திறக்கவே அடம் பிடித்தது; போனில் சுத்தமாக வராது. எண்பது இடங்களில் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்ததை, லீவு நாளில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, புதிதாக எழுதினாள்; ஆற்றுப் பகுதியை மட்டும் ஆராயாமல் இருந்தபடியே பெயர்த்து வைத்தாள். வீடுகள், தோட்டங்கள், ஆட்கள், அவரவர் பையில் இருக்கும் சாமான், எல்லாவற்றையும் பிரதி எடுத்தாகிவிட்டது. தீபாவளி கழித்து நாள் பார்த்து மாற்றிவிடலாம் என்றிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வேலை முடிந்து வந்து கோப்பி கலக்கிக்கொண்டிருந்தவள் மூக்கில் ஒரு வாடை அடித்தது. மீன் கருகுகிற வாடை.

"ஏங்க, அடுப்புல மீன் வெச்சீங்களா?"

"வெள்ளிக்கெழமை என்னா மீனு? உனக்கு மூக்குல கோளாறு லா."

மூக்கில் கோளாறு இல்லை. தொழிற்சாலையில் இருபது வருடமாக இந்த வாடையை அவளுக்குத் தெரியும். ஓடி வந்து பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினாள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கிற சிறிய உருளைகள் வரிசையாக நிற்கும், கெப்பாசிட்டர் என்பார்கள். அவற்றில் மூன்றின் தலை வீங்கிப் புடைத்திருந்தது. ஒன்றிலிருந்து பழுப்பாகக் கசிந்திருந்தது. இனி இது ஒரு வாரம் ஓடினால் அதிகம். இரண்டு நாள்கூட ஓடலாம், இரண்டு மணி நேரமும் ஓடலாம்.

சரி, தீபாவளி வரைக்கும் காத்திருக்க முடியாது, இன்றைக்கே அணைத்துவிட்டுப் புதியதைத் திறந்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அணைப்பதற்கு முன்னால், இவ்வளவு காலம் உழைத்த உடம்பைத் துடைத்து அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. ஈரத்துணியை எடுத்தாள். தூசியைத் துடைத்தாள். நெற்றிச் சந்தனத்தில் துணியை ஒற்றி ஒற்றி ஊற வைத்தாள். அது பெயர்ந்து ஒரே வில்லையாகக் கையில் வந்தது. அடியில் ஒட்டுநாடா தெரிந்தது. "அணைக்கக் கூடாது" என்ற வரிக்குக் கீழே, இத்தனை வருடமாகச் சந்தனத்துக்குள் இருந்த இரண்டாவது வரி:

"ஆறு ரேமில் மட்டும்தான் இருக்கு. சேவ் ஆகாது. அடுத்த வாரம் எழுதணும்."

யோகேஸ்வரியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். வீடும் தோட்டமும் பெட்டியின் தட்டில் எழுதப்பட்டிருந்தன, அணைத்தாலும் இருக்கும். ஆறு மட்டும் பெட்டியின் நினைப்பில் இருந்தது. நாம் தூங்கி எழுந்தால் கனவு போய்விடுகிற மாதிரி, பெட்டியை அணைத்தால் ஆறு போய்விடும். எழுத வேண்டியவன் அடுத்த வாரம் என்று வைத்தான். அந்த அடுத்த வாரம் பதினெட்டு வருடமாக வரவில்லை.

புதுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சோதனைக்காகச் சந்தையையும் கோயிலையும் பல முறை சுற்றி வந்தவள், ஆற்றங்கரைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. இப்போது போனாள். மலையிலிருந்து கடல் வரைக்கும் அளவுகோலால் கிழித்த மாதிரி ஒரு நேர்க்கோடு, நீல நிறத்தில். கரையோரத் தோட்டங்களில் பாதி தண்ணீருக்குள் நின்றது. படகுத்துறைகள் எல்லாம் காட்டுக்குள், மரங்களுக்கு நடுவே, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

ஜொகூருக்குப் போன் போட்டாள்.

"யாரு? யோகேஸா? சாப்டாச்சா? என்னா திடீர்னு?"

"அண்ணே, ஆறு சேவ் ஆகலைண்ணே."

"எந்த ஆறு?"

"நீங்க செஞ்ச ஆறுண்ணே!"

கடையில் டயர் கழற்றுகிற சத்தம் கேட்டது. காளிதாசன் சொன்னான். "அடியாத்தி. இன்னும் ஓடுதா அது? நான் எப்பவோ மூடியிருப்பீங்கன்னு நெனச்சேன். அது வெறும் ஒரு கோடும்மா. படகு போற பக்கம் கரைய அரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுனேன். துடுப்பு பட்டா ஆழமாகும், ஆளு போகாத பக்கம் மண்ணு மேடாகும். சும்மா வெளையாட்டுக்கு. அதுக்கு மேல நெனவில்ல. என் மவன் நம்பரே எனக்கு நெனவில்ல லா."

போனை வைத்துவிட்டு, பழைய பெட்டியில் ஓடுகிற ஆற்றை யோகேஸ்வரி முழுதாகப் பார்த்தாள். இத்தனை காலம் கத்தரித் தோட்டத்தில் நின்று ஒரு துண்டைத்தான் பார்த்திருக்கிறாள். படத்தைச் சிறிதாக்கி, இன்னும் சிறிதாக்கி, மலை முதல் கடல் வரை ஒரே திரையில் கொண்டுவந்தாள்.

முப்பத்தொரு வளைவு. நடுவே இரண்டு தீவு. ஓரிடத்தில் ஆறு தன்னையே வெட்டிக்கொண்டு போய்விட, பிறை நிலா மாதிரி தேங்கி நின்ற ஏரி; அதில் யாரோ தாமரை போட்டிருந்தார்கள். கடல் சேருமிடத்தில் விரல் விரித்த மாதிரி ஐந்து வாய். இதை ஒருவரும் வரையவில்லை. பதினெட்டு வருடம், யார் யாரோ, சந்தைக்குப் போனவர்களும் சும்மா சுற்றியவர்களும், போட்ட துடுப்பெல்லாம் சேர்ந்து இழுத்த வழி இது. பார்க்கப் பார்க்க அவள் கையில் மயிர் எழுந்து நின்றது. அரிசி மூட்டை வைக்கிற அறையில், மீன் வாடை அடிக்கிற பெட்டிக்குள், இது இருந்ததே!

ஏழாவது வளைவில் ஒரு சின்னப் படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அது தேவகியின் படகு.

தேவகி பாடாங் செராயில் இருக்கிறாள். பத்தொன்பது வயதில் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போனபோது விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலி. பதினாலு வருடமாகத் தினமும் அந்த வளைவில் ஆட்களை அக்கரை சேர்க்கிறாள். வாய் மட்டும் பாசார் வாய், சந்தைக்கடை இரைச்சல். யோகேஸ்வரி முதலில் அவளுக்குத்தான் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"இரு டி. அப்ப அந்த வளைவு நான் வெட்டுனதா?"

"நீ வர்றதுக்கு முன்னால அங்க நேராத்தான் இருந்திருக்கு. நீ தெனமும் குறுக்க போயிப் போயி, அந்தப் பக்கம் அரிச்சி, இந்தப் பக்கம் மேடாயி..."

"பதினாலு வருஷம் ஆறு வெட்டியிருக்கேன், ஒருத்தன் ஒரு தெ ஓ, வெறும் தேத்தண்ணி, வாங்கித் தரல பாரேன்!" என்று தேவகி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "அணைச்சா என் படகு எங்கடி நிக்கும்?"

"காட்டுக்குள்ள."



"யோகேஸ், வீட்டுல நான் கட்டில்லேருந்து நாக்காலிக்குப் போகவே ஆளு வேணும். அங்க நான் ஆள ஏத்திக்கிட்டுப் போறேன். புரியுதா? எதையாவது செய்."

எதைச் செய்வது? திரையைப் படம் பிடித்தால் கரை வரும், ஆழம் வராது. ஓடும்போதே பெட்டியின் நினைப்பைப் பிரதி எடுக்க ஒரு வழி இருந்தது. லேசாக முயன்று பார்த்தாள். பெட்டி ஒன்பது விநாடி மூச்சு நின்ற மாதிரி நின்று, திரும்ப ஓடியது. இன்னொரு தடவை தொட மனசு வரவில்லை.

அப்போதுதான் லுக்மான் பாயிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் கோத்தா கோலா மூடாவில் மீன் வியாபாரி. விளையாட்டுக்குள்ளும் மீன்தான் விற்பார். விளையாடுகிறவர்களின் போன் குழுவில் யோகேஸ்வரி போட்டிருந்த செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, எங்க ஆத்து வாயில மணல் திட்டு மழைக்கு மழை எடம் மாறும். படகு உள்ள வரணும்னா தைக்கோங், படகுத் தலைவரு, என்னா செய்வாரு? கயித்துல ஈயக்குண்டு கட்டி எறக்கி எறக்கிப் பார்ப்பாரு. ஆறு எங்க இருக்குன்னு ஆத்துக்கிட்டயே கேக்கறது. நம்ப கேம்ல தூண்டில் போட்டா என்னா வரும்?"

யோகேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். தூண்டில் போட்டால், "தூண்டில் நாலு முழம் இறங்கியது" என்று ஒரு வரி வரும். அந்த வரி, எந்தக் கட்டத்தில் எத்தனை முழம் என்று, தட்டில் எழுதப்படும். ஆற்றில் எல்லாக் கட்டத்திலும் தூண்டில் விழுந்தால், ஆறு முழுதாக எழுத்தில் வந்துவிடும்.

"பாய், ஆனா படகு போனா கரை அரிக்கும். அளக்கப் போறவங்களே ஆத்த மாத்திருவாங்க."

"துடுப்பு போட்டாத்தானே அரிக்குது? போடாதீங்க லா. ஒழுக்குல விடுங்க. தண்ணி எங்க கொண்டு போவுதோ அங்க போவட்டும்."

நிரலை எடுத்துப் பார்த்தாள். பாய் சொன்னது சரி. துடுப்பு பட்டால்தான் அரிக்கும். மிதந்து போனால் ஒன்றும் ஆகாது. மலையிலிருந்து கடலுக்கு மிதந்தே போக இருபத்தொன்பது மணி நேரம் ஆகும். பெட்டி அதுவரை தாங்குமா என்பதுதான் தெரியவில்லை.

குழுவில் போட்டாள்: "நாளை சனிக்கிழமை காலை எட்டு மணி. எல்லாரும் மலையடிவாரத்துக்குப் படகோடு வாங்க. தூண்டில் கொண்டு வாங்க. துடுப்பை வீட்டுல வெச்சிட்டு வாங்க. ஆத்தக் கரையேத்தணும்." அறுபது பேர் வந்தால் நல்லது என்று நினைத்தாள். தினமும் விளையாடுகிறவர்கள் அவ்வளவுதான்.

காலையில் திரையைத் திறந்தபோது, முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மலையடிவாரத்தில் தண்ணீரே தெரியவில்லை. படகு, படகு, படகு. எட்டு வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள். பினாங்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேரே உட்கார்ந்த தாதி. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவர். பழைய கணினியைத் தேடிப் பிடித்து, கடவுச்சொல் மறந்து, வேறு பெயரில் வந்தவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இங்கே சண்டை போட்டுக்கொண்டவர்கள், தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. எண்ணிப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

ஆற்றின் அகலம் அதிகபட்சம் நாற்பது கட்டம். நாற்பது படகு ஒரு வரிசை. பின்னால் இன்னும் ஒன்பது வரிசையும் மிச்சப் படகுகளும், முன்னால் போனவர்கள் விட்ட கட்டத்தைப் பிடிக்க. லுக்மான் பாய் நடுப்படகில் ஏறி நின்று ஏற்பாடு செய்தார். ஆளுக்கு ஒரு தடம். ஒருவர் கை அலுத்தால் இன்னொருவர்.

"எவனும் துடுப்பத் தொடக் கூடாது! தொட்டா நாளைக்கு உன் வூட்டுக்கு அழுகுன மீனுதான் வரும்!"

"பாய், எனக்கு எப்பவும் அதான வருது?" என்று யாரோ எழுத, நானூறு பேரும் சிரித்தார்கள்.

எட்டு மணிக்குத் தண்ணீர் அவர்களை எடுத்துக்கொண்டது. அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! தேர் நகரும்போது ஊரே சேர்ந்து வடம் பிடிக்கும். இங்கே ஊரே சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது, தேர் தானே நகர்ந்தது. ஒரு துடுப்புச் சத்தம் இல்லை. நாற்பது தூண்டில் ஒன்றாக இறங்கும். நாற்பது வரி ஒன்றாக எழும். மூணு முழம். அஞ்சு முழம். ஏழு முழம். பிறகு அடுத்த நாற்பது. யோகேஸ்வரி அந்த நேர்க்கோட்டை அழித்து வைத்திருந்த புதுப் பெட்டியில், பதிவு வரிகள் வந்து சேரச் சேர, வெற்றுப் பச்சைக்கு நடுவே, ஒவ்வொரு கட்டமாக நீலம் ஊறியது. மலையிலிருந்து ஒரு கொடி முளைத்து வளைந்து வளைந்து கீழே இறங்குவது மாதிரி ஆறு வந்துகொண்டிருந்தது.

புவனேசன் லோரிக்கு லீவு சொல்லிவிட்டுப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். மேசைக் காற்றாடி ரெண்டு, துணியில் சுற்றிய ஐஸ்கட்டி. "என் லோரிக்குக்கூட நான் இவ்ளோ பார்த்ததில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஐஸை மாற்றினான். முறை போட்டுத் தூங்கினார்கள், முறை போட்டு விழித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு முதல் வரிசை கடல் வாயில் இறங்கியது. ஐந்து வாயும் நீலமாயிற்று.

யோகேஸ்வரி படம் முழுவதையும் மேலிருந்து கீழே பார்த்து வந்தாள். ஏழாவது வளைவில் கண் நின்றது. வளைவின் உள்பக்கம், ஒரு பிடி பச்சையாகவே இருந்தது. இருநூற்றுப் பதினாறு கட்டம். இருப்பதிலேயே கூர்மையான வளைவு அது; அங்கே ஒழுக்கு எல்லாப் படகையும் வெளிக்கரைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டது. உள்பக்கத்துக்குத் துடுப்புப் போடாமல் யாராலும் போக முடியாது. அந்த உள்பக்கம்தான் தேவகியின் துறை.

"யோகேஸ்! வாடை வருது!" என்று புவனேசன் கத்தினான்.

அவள் தேவகியைப் போனில் பிடித்தாள். "உன் துறைதான் விட்டுப் போச்சி. நீ போட்டு அளக்கறதுக்குள்ள நேரமில்ல."

"அளக்க எதுக்கு? கேளு, நான் சொல்றேன்."

"வெளையாடாத டி. இருநூறு கட்டம்."

"கேட்டுப் பாரு."

யோகேஸ்வரி அளந்து முடித்த பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். "அரசமரத்துக்கு நேரா, கரையிலேருந்து ஒம்போதாவது கட்டம்?"

"அஞ்சு முழம். அதுக்கு அடுத்தது ஆறு. அங்க துடுப்பு அடி தொடாது."

பதிவில் பார்த்தாள். ஐந்து. அடுத்தது ஆறு. இன்னும் மூன்று இடம் கேட்டாள், மூன்றும் சரி. அதற்கு மேல் கேட்கவில்லை. விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். "சொல்லு."

தேவகி கண்ணை மூடிக்கொண்டாளாம்; பின்னாளில் அவளே சொன்னாள். மனசுக்குள் படகை எடுத்தாள். "துறைப்படி ஓரம், முக்கா முழம். ரெண்டாவது, ஒண்ணு. மூணாவது, ஒண்ணர. அங்க ஒரு கல்லு இருக்கு, அத விட்டுட்டு, ரெண்டு..." யோகேஸ்வரி தட்டத் தட்ட, பச்சையில் நீலம் பரவியது. எழுபது கட்டம் ஆயிற்று. எண்பது.

பக்கத்து அறையில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம்.

காற்றாடிகளின் இரைச்சலுக்கு அடியில் பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த உறுமல் நின்றுவிட்டது. புவனேசன் கையில் ஐஸ்கட்டியோடு வாசற்படியில் வந்து நின்றான். திரையில் நானூற்றுப் பன்னிரண்டு படகும் இல்லை. ஆறும் இல்லை.

யோகேஸ்வரியின் விரல் அப்படியே நின்றது.

போனில் தேவகியின் குரல் மட்டும் நிற்கவே இல்லை. "...ரெண்டர, ரெண்டர, மூணு. ஏய், இருக்கியா? மூணு போட்டியா? அடுத்தது மூணேகாலு..."

அந்த வெடிச் சத்தம் போனில் அவளுக்கும் கேட்டது, பெட்டி போய்விட்டது தெரியும். அவள் கண்ணைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். எங்கே தெரியுமா கண்ணுகளா இருந்தது அந்த ஆறு அப்போது? பெட்டியில் இல்லை, பதிவில் இல்லை. பாடாங் செராயில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் நெஞ்சுக்குள் இருந்தது. இருபது நிமிடம் அங்கேயே ஓடியது. அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்து, செர்டாங்கில் ஒருத்தியின் விரல் நுனியில் சேர்ந்தது. புவனேசன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஐஸ் உருகி அவன் மடியெல்லாம் நனைந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

"...கடைசிக் கட்டம், நாணல் ஓரம். கால் முழம். அதுக்கு மேல தரை. முடிஞ்சிச்சி டி."

யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு இனிமேல் மணிக்கொரு தரம் தட்டில் எழுதப்பட வேண்டும் என்று புதிதாகச் சேர்த்திருந்த வரியை இன்னொரு முறை சரி பார்த்தாள். புதுப் பெட்டியைத் திறந்துவிட்டாள். குழுவில் எழுதினாள்: "யாரும் இப்ப வராதீங்க. மொத ஆளு தேவகி."

தேவகி உள்ளே வந்தாள். அவள் படகு துறைப்படியில் நின்றது. மரத்துக்கு நடுவிலா, தண்ணீரிலா என்று ஒரு விநாடி தெரியவில்லை, படம் மெதுவாகத்தான் விரிந்தது. பிறகு படகு லேசாக ஆடியது.

தண்ணீர்.

துடுப்பை எடுத்துப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள். அரசமரத்தைத் தாண்டினாள். அக்கரை தொட்டுத் திரும்பினாள். யோகேஸ்வரி போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தேவகி பேசினாள்.

"ஒரு எடத்துல அர முழம் ஆழம் கம்மியா இருக்கு."

"நீ சொன்னதத்தான் டி போட்டேன்!"

"அப்ப நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். விடு, நாலு மாசம் ஓட்டுனா சரியாயிரும்."

யோகேஸ்வரி சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே வந்தன. குழுவில் "வாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டாள். நானூறு படகும் வந்து ஆற்றில் விழுந்தன. போனிலிருந்தும் வந்தார்கள், புதுக் கணினியிலிருந்தும் வந்தார்கள். எல்லார் கையிலும் துடுப்பு.

மாலை ஐந்து மணி வாக்கில் ஏழாவது வளைவில் ஒரு புது ஆள் வந்து நின்றான். பெயரே போடாத வெறும் ஆள். கரையோரமாக மேலே கொஞ்சம் நடந்தான், கீழே கொஞ்சம் நடந்தான், திரும்ப வந்து நின்றான்.

தேவகி எழுதினாள். "ஏறுறீங்களா, வேடிக்க பார்க்கறீங்களா? வேடிக்கைக்கு வேற எடம் இருக்கு."

அந்த ஆளிடமிருந்து ஒரு வரி வந்தது. "நான் போட்டது ஒரு கோடுதான்."

அது யார் என்று யோகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. தேவகிக்கும் தெரிந்திருக்கும் போல. படகைத் துறைக்கு ஒட்டிக் கொண்டுவந்தாள்.

"ஏறுங்கண்ணே. அக்கரையிலேருந்து பார்த்தா இன்னும் நல்லாருக்கும்."

அந்த வருட ஆயுத பூஜைக்கு யோகேஸ்வரி புதுப் பெட்டியின் நெற்றியில் ஓர் ஒட்டுநாடா ஒட்டினாள். "ஆறு எழுதப்படுகிறது. அணைக்கலாம்" என்று அதில் எழுதினாள். சந்தனத்தைக் குழைத்து எடுத்து, எழுத்தைத் தொடாமல், இரண்டு விரல் தள்ளிப் பொட்டு வைத்தாள். பழைய பெட்டிக்கும் ஒன்று வைத்தாள். அது அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புவனேசன் தூக்கிப் போட விடவில்லை.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகும் முன் வாங்கிக்கொண்டு போங்கள்: உங்கள் வீட்டில் அடுத்த வாரத்துக்கென்று தள்ளி வைத்த நல்ல காரியமெல்லாம் இந்த வாரமே கைகூடட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் நனையாமல் கரையேறட்டும். உங்கள் வீட்டின் ஆழமும் மேடும் தெரிந்த ஒருவர், கண்ணை மூடினாலும் வழி சொல்லக் கூடியவர், உங்கள் கூரைக்குக் கீழே எந்நாளும் இருக்கட்டும். நல்லா இருங்கள்.